வீட்டுத் தோட்டத்தில் மருக்கொழுந்தும் மாசிப்பத்திரியும்

வீட்டுத் தோட்டம் என்றவுடன் கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை முதலியவையே நம் நினைவுக்கு வருகின்றன. குடும்பத்தின் உணவுக்கு இவையே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், காய்கறிப் பாத்திகள் போக எஞ்சியிருக்கும் சிறிது இடத்தில் மணமுள்ள தழைச் செடிகள் சிலவற்றை வளர்ப்பதும் ஆதாயமானதே. பூசைக்கும் கூந்தலுக்கும் வேண்டிய தழையை விலை கொடுத்து வாங்காமல் நம் தோட்டத்திலேயே பறித்துக்கொள்ளலாம். மிகுந்ததைச் சந்தைக்கும் அனுப்பலாம். இத்தகைய செடிகளுள் குறிப்பிடத்தக்கவை மருக்கொழுந்தும் மாசிப்பத்திரியும் ஆகும்.

இவற்றைப் பற்றிக் கிராமத்தார் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு. வளர்க்கும் முறை ஒன்று. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் அறிந்து இரண்டாவதை அறியாதிருந்தால் நன்மையினும் தீமையே மிகுதியாகக்கூடும். இக்குலத்துத் தழைகளின் கசப்பைக் கண்டு, குடற்புழுவிற்கும் குளிர்காய்ச்சலுக்கும் அவை கைகண்ட மருந்து என்று எண்ணிக் குழந்தைகளுக்குப் புகட்டுவோர் இன்றும் சில குடும்பங்களில் உள்ளனர். ஆகையால் இக்கட்டுரையில் சாகுபடி முறையை முதலிலும், பயன்பாட்டின் எல்லையைப் பின்னரும் விளக்குவோம்.

ஒரு குலத்துச் செடிகள்

தாவர நூலார் ‘ஆர்ட்டிமீசியா’ என்று பெயரிட்டுள்ள குலத்தில் சில நூறு வகைச் செடிகள் உள்ளன. சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவை அடங்கிய பெருங்குடும்பத்தில் இக்குலமும் சேர்ந்ததாகும். இலைகள் ஆழமாகப் பிளவுபட்டிருத்தல், சாம்பல் அல்லது வெள்ளை நிறமான மென்மயிர், கடுமையான மணம், கசப்பு ஆகியவை இக்குலத்தின் பொது அடையாளங்கள்.

ஐரோப்பாவில் பண்டைக் காலம் முதல் பெயர் பெற்றிருந்தது ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம் என்னும் வகை. யூனானி மருத்துவத்தார் அதனை ‘அப்சந்தீன்’ என்பர். நம் நாட்டில் காஷ்மீரம் போன்ற குளிர்ந்த பகுதிகளில் அது தானாகவே வளர்கின்றது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பம் அதற்கு ஏற்றதன்று. எனவே நம் தோட்டங்களுக்கு அதனைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அதன் உறவினச் செடிகள் இரண்டு நம்மிடமே உள்ளன.

முதலாவது மருக்கொழுந்து. இதனைத் தவனம் என்றும் கூறுவர். தாவர நூற்பெயர் ஆர்ட்டிமீசியா பாலன்ஸ். ஒரு பருவத்தில் வளர்ந்து, பூத்து, விதைத்து முடியும் சிறு செடி இது. ஏறத்தாழ 40 முதல் 60 சென்டிமீட்டர் வரை உயரும். தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் பயிராகின்றது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் இச்செடியின் பெயராலேயே தவன உற்சவம் நடைபெறுவதை நேயர்கள் அறிவர்.

இரண்டாவது மாசிப்பத்திரி. ஆர்ட்டிமீசியா நீலகிரிகா என்னும் தாவரப் பெயரே இதன் இருப்பிடத்தைக் காட்டுகின்றது. மலைப்பகுதிகளில் பாதையோரங்களிலும் சரிவுகளிலும் பல்லாண்டுச் செடியாகப் புதர் போல் வளர்வது இது. இலையின் மேற்புறம் பசுமையாகவும் அடிப்புறம் வெண்மையாகவும் இருக்கும். விநாயக சதுர்த்தி பூசைக்குரிய 21 பத்திரங்களுள் மாசிப்பத்திரமும் ஒன்று.

பார்த்தீனியத்தோடு மயங்கலாகாது

செடியை நடுமுன் அதனை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் பரவிக் கிடக்கும் பார்த்தீனியம் என்னும் நச்சுக்களையின் இளஞ்செடி, பிளவுபட்ட இலைகளால் இக்குலத்துச் செடிகளைப் போலவே தோன்றும். 1950களின் நடுவில் பூனாப் பகுதியில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய இக்களை, தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும், சிலருக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கவல்லது.

வேறுபாட்டை அறிவது கடினமன்று. மருக்கொழுந்தின் இலையைக் கசக்கினால் இனிய நறுமணம் உடனே வீசும். பார்த்தீனியத்தில் அம்மணம் இல்லை. மருக்கொழுந்தின் பூக்கள் மஞ்சள் நிறமுள்ள சிறு உருண்டைகள். பார்த்தீனியத்தின் பூக்கள் வெண்மையானவை. மாசிப்பத்திரியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புற வெண்மை தெளிவாகத் தெரியும். பார்த்தீனியத்தால் தோல் நோய் கண்டவர்களுக்கு இக்குடும்பத்தைச் சேர்ந்த பிற செடிகளும் ஒவ்வாமை தரக்கூடும். ஆதலின் அவர்கள் கையுறை அணிந்தே இச்செடிகளைத் தொடுதல் நலம்.

மருக்கொழுந்து பயிரிடும் முறை

பருவம்: ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகை முற்பகுதியும், அதாவது நவம்பர் மாதத்தையொட்டிய நாட்கள் விதைப்புக்கு ஏற்றவை. குளிர்ந்த காலைப் பொழுதும், பனியும், இலேசான தூறலும் இச்செடிக்கு உகந்தவை. அடைமழையையும் தேங்கும் நீரையும் இது தாங்காது. வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் கடற்கரை மாவட்டங்களில் மழையின் வேகம் தணிந்த பிறகு விதைப்பதே நன்று.

விதை: விதை மிகவும் நுண்ணியது, அதன் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும். ஆகவே முந்திய பருவத்தில் எடுத்த புது விதையையே வாங்க வேண்டும். பழைய விதையை மலிவாகப் பெற்று விதைப்பது வீண் உழைப்பு. வயலில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றரைக் கிலோ விதை போதும் என்பது கணக்கு. அதன்படி 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஒன்றரைக் கிராம், அதாவது ஒரு சிட்டிகையே தேவை. முளைக்காமல் போவதற்கும் இடங்கொடுத்து இரண்டு கிராம் எடுத்துக்கொள்ளலாம்.

நாற்றங்கால்: 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட மேட்டுப்பாத்தி ஒன்று ஒரு குடும்பத்திற்குப் போதுமானது. மண்ணை நன்கு கொத்திப் பொடியாக்கி, மக்கிய தொழுவுரத்தைச் சலித்துக் கலக்க வேண்டும். விதையைச் சிறு துணியில் முடிந்து 48 மணி நேரம் நீரில் ஊற வைக்க வேண்டும். பின்னர் நீரை வடித்து, விதையை மெல்லிய மணலோடு கலந்து பாத்தியின் மீது சீராகத் தூவ வேண்டும். மேலே மணலை மெல்லியதாகத் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளை வெளிவராது. பூவாளியால் காலையும் மாலையும் நீர் தெளித்து ஈரத்தைக் காத்து வருக. ஈரம் வேண்டும், சேறு ஆகாது. நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தோன்றி ஒரே நாளில் நாற்றுக்கள் சாய்ந்துவிடும்.

நடவு: நான்கு அல்லது ஐந்து வாரங்களில் நாற்றுக்கள் விரல் நீளத்திற்குச் சற்று மேல் வளர்ந்திருக்கும். நடவுப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை மக்கிய தொழுவுரம் இட்டுக் கொத்தி வைத்திருக்க வேண்டும். மாலை நேரத்தில், வரிசைக்கு வரிசையும் செடிக்குச் செடியும் 15 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டு விரற்கடை இடைவெளி விட்டு நடுக. இவ்வாறு நட்டால் 10 சதுர மீட்டரில் 400 செடிகளுக்கு மேல் அமையும். நட்டவுடன் உயிர்த்தண்ணீரும், பின்னர் மண்ணின் ஈரத்தைப் பார்த்து நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறையும் நீர் விடலாம்.

பராமரிப்பு: வெயில் நன்கு விழும் இடமே வேண்டும், மர நிழலில் செடி நெட்டையாக வளர்ந்து மணம் குன்றிவிடும். இளமையில் இரண்டு முறை களையெடுத்தல் போதுமானது. பார்த்தீனிய நாற்றுக்கள் பாத்திக்குள் புகுந்தால் அவற்றை அறியும் வாய்ப்பும் அதுவே. அசுவினி கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். தழை கூந்தலுக்கும் பூசைக்கும் செல்வதால் கடும் பூச்சிக்கொல்லிகளை இதில் பயன்படுத்தலாகாது. குளியலறை, சலவைக்கல் ஆகியவற்றின் சோப்பு நீரை இப்பாத்திக்குத் திருப்புவதும் தவறு. அந்நீரை வாழைக்குப் பாய்ச்சுக.

மாசிப்பத்திரி வளர்த்தல்

மலைப்பகுதிகளிலும் அடிவாரத்துக் கிராமங்களிலும் மாசிப்பத்திரி எளிதில் வளரும். இதற்கு விதை தேட வேண்டியதில்லை. வேரிலிருந்து கிளைக்கும் கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் பிரித்து நட்டாலே போதும். இளந்தண்டுகளை நறுக்கி நட்டும் வளர்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இச்செடி மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும் இயல்புடையது. காய்கறிப் பாத்தியின் நடுவே இதற்கு இடம் கொடுத்தால் சில ஆண்டுகளில் பாத்தி முழுவதும் அதற்கே சொந்தமாகிவிடும். ஐரோப்பிய வகையின் இலையிலிருந்து மழை நீரில் கரைந்து இறங்கும் பொருள்கள் அருகிலுள்ள செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதையும் தோட்டக்காரர்கள் அறிந்துள்ளனர். ஆகையால் மாசிப்பத்திரியைத் தோட்டத்தின் ஒரு மூலையில் தனியாகவோ, உடைந்த குடத்திலோ தொட்டியிலோ வளர்ப்பதே முறை. ஆண்டுக்கு ஒரு முறை தரையோடு வெட்டிவிட்டால் புதுத் தளிர் செழிக்கும்.

அறுவடையும் வருவாயும்

கார்த்திகையில் விதைத்த மருக்கொழுந்து, ஏறத்தாழ நான்கு மாதங்களில், மாசி இறுதியிலும் பங்குனியிலும் பூக்கத் தொடங்கும். எண்ணெய்க்காக வளர்ப்போர் பூக்கள் மலர்ந்த பின் அறுப்பர். வீட்டு உபயோகத்திற்கும் பூக்கடைக்கும் அதற்கு முன்பே கொழுந்தைக் கிள்ளி எடுக்கலாம். அடியில் சிறிது கட்டை விட்டு அறுத்து, நீர் பாய்ச்சினால் மீண்டும் தழைக்கும். இரண்டாம் அறுப்பில் தழை குறைவாகவே கிடைக்கும். சில செடிகளை அறுக்காமல் விட்டு விதைக்கு நிறுத்துக. அடுத்த ஆண்டிற்குப் புது விதை அதனால் கிடைக்கும்.

நன்கு பராமரித்த வயலில் ஹெக்டேருக்குச் சுமார் 12 டன் பச்சைத் தழை கிடைக்கும் என்று கொண்டால், 10 சதுர மீட்டரில் ஏறத்தாழ 12 கிலோ தழையை எதிர்பார்க்கலாம். கதம்பத்திலும் மல்லிகைச் சரத்திலும் இடையிடையே வைத்துக் கட்டப் பூக்கடைக்காரர்கள் இதனைச் சிறு கட்டுகளாக வாங்குகின்றனர். ஒரு குடும்பத்தின் விளைச்சலைத் தனியே கொண்டு செல்வதில் போக்குவரத்துச் செலவே மிஞ்சும். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பத்துக் குடும்பங்கள் சில நாட்கள் இடைவெளி விட்டு விதைத்துக்கொண்டால், தழை ஒரே நாளில் குவியாமல் பல வாரங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். அத்தகைய குழுவோடு பூக்கடைக்காரரும் நிலையாகக் கணக்கு வைத்துக்கொள்ள முன்வருவார். நடுவதற்கு முன்பே அருகிலுள்ள பூச்சந்தையில் தேவையையும் விலையையும் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

மருக்கொழுந்து எண்ணெய் வாசனைத் தொழிலில் விலையுயர்ந்த பொருள் என்று கேள்வியுற்றுச் சிலர் வீட்டிலேயே எண்ணெய் வடிக்க ஆசைப்படுவதுண்டு. கணக்கைப் பார்த்தால் அது கைகூடாது என்பது விளங்கும். ஆயிரம் கிலோ தழையை ஆவியில் வடித்தால் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு கிலோ எண்ணெயே. நம்முடைய 12 கிலோ தழையில் கிடைப்பது இருபது கிராம் அளவே இருக்கும். அதற்கு வேண்டிய விறகுச் செலவே மிகுதி. எண்ணெய்த் தொழில் ஏக்கர்க் கணக்கில் பயிரிடுவோருக்கும், வடிகலம் உள்ள நிலையங்களுக்கும் உரியது. வீட்டுத் தோட்டத்திற்குரியது தழை விற்பனையே.

விற்றது போக எஞ்சியதை நிழலில் உலர்த்தித் துணிப்பெட்டியில் வைக்கலாம். மணம் இருக்கும் வரை துணிக்கு நறுமணம் ஏறும். பூச்சிகளும் பெரும்பாலும் அண்டா. மணம் குறைந்தவுடன் புதிய தழையை மாற்றுதல் வேண்டும்.

கசப்பெல்லாம் மருந்தாகுமா?

ஓர் ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டத்தில் இச்செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, பிள்ளைகளுக்குப் பூச்சித் தொல்லை வந்தால் எங்கள் காலத்தில் மாசிப்பத்திரிச் சாற்றைத்தான் கொடுப்போம். இப்போது அதைக் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?” என்று கேட்டார். உடனிருந்த கிராம சுகாதாரச் செவிலியர், “பாட்டி, நீங்கள் கொடுத்த சாற்றில் எவ்வளவு மருந்து இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று பணிவாகக் கேட்டார். மூதாட்டி சற்று யோசித்து, “ஒரு சங்கு கொடுப்போம் அம்மா, அதற்குள் என்ன இருந்தது என்பதை யார் கண்டார்கள்?” என்றார். இந்த விடையிலேயே விளக்கம் முழுவதும் அடங்கியுள்ளது.

இக்குலத்துச் செடிகளுக்கும் குடற்புழுவிற்கும் தொடர்பு உண்டு என்பது கற்பனையன்று. இவற்றுள் சில வகைகளிலிருந்து சாண்டோனின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் உருண்டைப் புழுவிற்கு உலகெங்கும் வழங்கப்பட்டது. காஷ்மீரத்திலும் அதற்கான செடி சேகரிக்கப்பட்டது. ஆயினும் அம்மருந்து கைவிடப்பட்டது. அளவு சிறிது மிஞ்சினாலும் பார்க்கும் பொருள்களெல்லாம் மஞ்சளாகத் தோன்றுதல், வலிப்பு முதலிய தீங்குகள் உண்டாயின. அதனினும் பாதுகாப்பான மருந்துகள் வந்தபின் அதற்குத் தேவை இல்லாமற் போயிற்று. அளந்து கொடுத்த மருந்தே இவ்வாறாயின், அளவறியாத சாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரே செடியிலும் பருவத்திற்கும் மண்ணிற்கும் ஏற்ப அதன் சத்து கூடும், குறையும். ஐரோப்பிய வகையில் உள்ள துஜோன் என்னும் பொருள் மிகுந்தால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கருவுற்ற பெண்களுக்கு இத்தழைச் சாறுகள் கருப்பையைத் தூண்டித் தீங்கு விளைக்கக்கூடும். ஆகவே கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், குழந்தைகளுக்கும் இவற்றை உள்ளுக்குக் கொடுத்தல் கூடவே கூடாது. தகுதி பெற்ற சித்த மருத்துவர் ஆராய்ந்து அளவோடு தரும் மருந்து வேறு; கொல்லையில் பறித்துத் தாமே பிழிந்து கொடுப்பது வேறு.

குளிர்காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். சீன நாட்டு அறிஞர் தூ யூயூ அம்மையார், 1970களின் தொடக்கத்தில் ஆர்ட்டிமீசியா ஆனுவா என்னும் செடியிலிருந்து மலேரியாவிற்கு மருந்தாகும் ஆர்ட்டிமிசினினைக் கண்டெடுத்து, 2015 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இச்செய்தியைக் கேட்டோர் சிலர் நம் தோட்டத்துச் செடியும் மலேரியாவைத் தீர்க்கும் என்று கருதுகின்றனர். நம்முடையது அச்செடியன்று. அச்செடியாகவே இருந்தாலும், அதன் தழையையோ கஷாயத்தையோ மலேரியாவிற்குப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. கஷாயத்தில் மருந்தின் அளவு போதாமையால் நோய் தீராது. அரைகுறை மருந்தால் நோய்க்கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெறவும் கூடும். காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே நேர்வழி. ஒரு நாள் தாமதமும் குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

புழு வருவது எங்கிருந்து?

குடற்புழுவை வெல்வதற்கும் தோட்டத்திற்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது இலையில் இல்லை; மண்ணில் உள்ளது. ஒரு பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடவல்லது. திறந்த வெளியில் மலங்கழிப்பதால் அம்முட்டைகள் மண்ணிற் கலந்து, நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். கழுவாத கீரை, காய்கறி, அழுக்கு நகம் ஆகியவற்றின் வழியே அவை வயிற்றை அடையும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும்.

ஆகையால் தோட்டம் போடும் ஒவ்வொரு குடும்பமும் ஆறு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உட்பட அனைவரும் கழிப்பறையையே பயன்படுத்துக. தோட்டத்தில் செருப்பின்றி இறங்கற்க. நன்கு மக்காத கழிவை உரமாக இடற்க. கீரையையும் காய்களையும் தூய நீரில் பலமுறை கழுவுக. மண் வேலை முடிந்ததும், உண்ணுமுன்னும், மலங்கழித்த பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுக. நகத்தை வாரந்தோறும் களைக.

புழு இருப்பின் அதற்குரிய மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. 2015 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கப்பட்ட தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்படி, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகின்றது. இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து கொடுப்பர். அன்று காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்குக் கொடுக்காமல், குணமான பின் கொடுக்க வேண்டும். அன்றைய தினம் பள்ளிக்கு வராத குழந்தைகளுக்கென்று பின்னர் ஒரு நாளும் ஒதுக்கப்படுகின்றது. பள்ளி செல்லாத பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது பெற்றோர் கடமை. அவர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் கடமை.

ஆகவே, வரும் கார்த்திகையில் பத்துச் சதுர மீட்டர் பாத்தி ஒன்றை ஒதுக்கி, புது விதை வாங்கி, மருக்கொழுந்தை விதையுங்கள். மலையோரத்தில் வாழ்வோர் ஒரு மூலையில் மாசிப்பத்திரியை நடுங்கள். பங்குனியில் அதன் மணம் பூசையறையிலும் கூந்தலிலும் கமழட்டும். மிகுந்தது சந்தைக்குச் சென்று கைச்செலவுக்கு உதவட்டும். குழந்தையின் வயிற்றுக்கு வேண்டியது அங்கன்வாடியில் கிடைக்கும் மாத்திரையும், வீட்டில் ஒரு கழிப்பறையும், காலில் ஒரு செருப்புமே ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடக்கும் குடும்பமே தோட்டத்தின் முழுப் பயனையும் பெறும்.